தூணின் நிழல்: ஒளிப்பதிவாளர் இளவரசுவின் குணச்சித்திர நடிப்பு

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் குறித்த நம் உரையாடல்களில் இரு சாரார் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றனர். ஒரு சாரார் ஒளிப்பதிவாளர்கள்; மற்றொரு சாரார் குணச்சித்திர நடிகர்கள். கதைத்தலைவர்களைப் பற்றியும் இயக்குநர்களைப் பற்றியும் பாடலாசிரியர்களைப் பற்றியும் நூல்களும் ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. படத்தின் ஒளியை அமைத்தவரையும், தந்தையாகவோ ஊர்ப்பெரியவராகவோ காவலராகவோ வந்து சென்றவரையும் நம் திறனாய்வு ஒற்றைத் தொடரில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி என்போம். இன்னார் தம் பங்கைச் செவ்வனே செய்துள்ளார் என்போம். அதற்குமேல் சொல்ல நம்மிடம் சொற்கள் இருப்பதில்லை.

இவ்விரு பணிகளையும் ஒருவரே மேற்கொண்டால் அவர் இருமடங்கு மறைந்துபோகிறார். இளவரசு அத்தகையவர். இயக்குநர் பாரதிராஜாவின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த பி. கண்ணனிடம் உதவியாளராகப் பணியாற்றி, பின்னர்த் தாமே ஒளிப்பதிவாளராகி, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் குணச்சித்திர நடிகராகவே பெரிதும் அறியப்பட்டவர் அவர். அவருடைய முகம் தமிழ்ப் படம் பார்க்கும் எவருக்கும் தெரியும். பெயர் பலருக்குத் தெரியாது. அவர் ஒளிப்பதிவாளராக இருந்தவர் என்பதை அறிந்தோர் இன்னும் குறைவு.

ஒளிப்பதிவுக் கருவியின் பின்னே நின்று பெற்ற பயிற்சி, அதன் முன்னே நின்று நடிக்கும்பொழுது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினாவிற்கு விடை காண, நடிப்பை அளக்க நாம் இதுவரை கைக்கொண்டுள்ள அளவுகோலையும் சற்றே ஆராய வேண்டியுள்ளது.

அரங்கும் விளக்கும்

நடிப்பும் ஒளியும் வெவ்வேறு துறைகள் என்பது இக்காலத் தொழிற்பிரிவினை தந்த எண்ணமாகும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அவ்வாறு கருதவில்லை. மாதவி ஆடவிருக்கும் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு கூறும் இளங்கோவடிகள், மூவகை எழினிகளைச் சொல்வதோடு விளக்கின் இடத்தையும் சொல்கிறார். அரங்கின் தூண்களுடைய நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே விழும்படி விளக்குகளை நிறுத்த வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. தூண் இன்றி அரங்கு நில்லாது. ஆயினும் தூணின் நிழல் ஆடுபவள்மேல் விழலாகாது. குணச்சித்திர நடிகரின் நிலையை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது என்று நாம் கருதுகிறோம். கதையைத் தாங்குபவர் அவர். அவருடைய நிழல் கதையின்மேல் விழலாகாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இங்கு நமக்குத் துணையாகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழியே பிறர்க்குப் புலனாவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டு வகைப்படும். இக்கோட்பாட்டில் காண்பவர்க்கும் இடம் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மெய்யில் தோன்றுவது காண்பவர் கண்ணுக்கு எட்டும்பொழுதுதான் அது மெய்ப்பாடு எனத் தகும். நாடக அரங்கில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் அது எட்ட வேண்டும். ஆதலால் மெய்ப்பாடு பெரிதாகிறது. திரைப்படத்திலோ கண்ணாடிவில்லையே முதற் காண்போர். ஒரு முகம் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு ஒளியில், எத்தனை பெரிதாகத் திரையில் தோன்றும் என்பது அறிந்தவனுக்கு, மெய்ப்பாட்டின் அளவும் தெரிந்துவிடுகிறது.

தமிழ்த் திரையின் குணச்சித்திர நடிப்பு, நாடக மேடையின் வழித்தோன்றல். டி. எஸ். பாலையா, எம். ஆர். ராதா, வி. கே. ராமசாமி ஆகியோர் மேடையில் வளர்ந்து திரைக்கு வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், நாகேஷ் திகில் கதை சொல்ல பாலையா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி எல்லாரும் அறிந்தது. அக்காட்சியில் பேசுபவர் நாகேஷ். ஆயினும் கேட்பவரின் முகத்தைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அச்சம் என்னும் மெய்ப்பாடு படிப்படியாக ஏறுவதைப் பாலையா தம் கண்ணிலும் வாயிலும் தோளிலும் காட்டுகிறார். அது கேட்டலே ஆயினும் அரங்கை நோக்கிய கேட்டல். அவையோரும் தம்முடன் சேர்ந்து அஞ்ச வேண்டும் என்பதை அவர் ஒரு கணமும் மறப்பதில்லை. நம் திறனாய்வின் அளவுகோல் இத்தகைய நடிப்பைக் கண்டு உருவானது. அது குறையன்று. ஆனால் வேறொரு வழியில் வந்த நடிப்பை அதே கோலால் அளக்கும்பொழுது, அளவு பிழைபடுகிறது.

வயல்வெளி வெளிச்சத்தில் பெற்ற பயிற்சி

அந்த வேறொரு வழி 1977இல் '16 வயதினிலே' படத்துடன் வலுப்பெற்றது எனலாம். நிவாஸ் ஒளிப்பதிவு செய்த அப்படம், அரங்கினுள் அமைத்த ஊரை விட்டு மெய்யான ஊருக்குள் சென்றது. 1980இல் 'நிழல்கள்' படத்திலிருந்து பி. கண்ணன் பாரதிராஜாவுடன் இணைந்தார். இயக்குநர் பீம்சிங்கின் மகனும் படத்தொகுப்பாளர் லெனினின் உடன்பிறப்புமான கண்ணன், பாரதிராஜாவின் கண்கள் என்றே திரையுலகில் குறிக்கப்பட்டார். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'மண்வாசனை' (1983), 'முதல் மரியாதை' (1985), 'வேதம் புதிது' (1987) ஆகிய படங்கள் அவருடைய ஒளிப்பதிவில் உருவானவை. கண்ணன் 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

இப்படங்களில் முகமும் நிலமும் வேறுவேறாக ஒளியூட்டப்படவில்லை என்பது கருதத்தக்கது. 'முதல் மரியாதை' படத்தில் ஆற்றங்கரையில் நிற்கும் சிவாஜி கணேசனின் முகத்தில் விழும் ஒளியும் நீரில் விழும் ஒளியும் ஒரே ஞாயிற்றின் ஒளி. மேடையின் மாபெரும் நடிகர் ஒருவர் அப்படத்தில் குரலைத் தாழ்த்தி, அசைவைக் குறைத்துத் தோன்றியதற்கு இயக்கம் ஒரு காரணம் என்றால், அவ்வெளிச்சமும் ஒரு காரணம். திறந்த வெளியில், உண்மையான மரங்களின் நடுவே, மேடை அளவிலான மெய்ப்பாடு தனித்துத் துருத்தி நிற்கும்.

இளவரசு பயின்றது இச்சூழலில்தான். படச்சுருள் காலத்தின் ஒளிப்பதிவு உதவியாளர் பணியை இன்றைய மாணவர்க்கு விளக்க வேண்டியுள்ளது. கண்ணாடிவில்லைக்கும் நடிகரின் முகத்திற்கும் இடைப்பட்ட தொலைவை நாடா கொண்டு அளக்க வேண்டும். நடிகர் நடந்து வந்து நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் குறித்து வைக்க வேண்டும். அவர் நடக்கையில் குவியத்தை உடன் திருப்ப வேண்டும். ஒளிமானி கொண்டு முகத்தின் வெளிச்சத்தை அளக்க வேண்டும். ஒரு நடிகரின் தோள் மற்றொருவருக்கு வர வேண்டிய ஒளியை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்த காட்சியை உடனே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதி பரவலாகாத காலம் அது. சுருள் சலவைக்குச் சென்று திரும்பிய பின்னரே பிழை தெரியும். ஆகவே நடிகரின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே கணிக்கும் பழக்கம் இப்பணியில் உள்ளவர்க்கு இயல்பாகவே படிகிறது. நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாமலே நடிப்பை மிக நெருக்கமாகப் பார்ப்பவர் அவர்.

பின்னர் இளவரசு தாமே ஒளிப்பதிவாளரானார். சீமான் இயக்கிய 'பாஞ்சாலங்குறிச்சி' (1996), 'இனியவளே' (1998), 'வீரநடை' (2000) ஆகிய படங்கள் அவருடைய ஒளிப்பதிவில் வந்தவை. இவை ஊர்ப்புறக் கதைகள். பாரதிராஜா மரபின் கிளைகள். கண்ணனிடம் கற்ற ஒளிமுறை இவற்றில் தொடர்ந்திருக்கிறது. அந்த ஒளிமுறை நாடிய முகம், அழகிய முகம் அன்று. வெயிலில் கறுத்து, அவ்வூருக்கே உரியதாய்த் தோன்றும் முகம். அத்தகைய முகங்களைத் தேடிப் படம்பிடித்த மரபில் வந்த ஒருவரே பின்னாளில் அத்தகைய முகமாகத் திரையில் நின்றார். இதனை வெறும் தற்செயல் என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

நகை: பேதைமையும் மடனும்

நகைச்சுவைக்கு நிலைக்களங்களாகத் தொல்காப்பியர் கூறுவன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு அதனை விடாதிருத்தல். உரையாசிரியர் வகுத்துக் காட்டும் இவ்வேறுபாடு, இளவரசுவின் இரு பாத்திரங்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

முதலாவது, சிம்புதேவன் இயக்கி 2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. அறிவிலியான அரசனாக வடிவேலு. அவனைப் பொம்மையாக வைத்து ஆட்டும் சூழ்ச்சிக்கார மாமனாக நாசர். அமைச்சன் மங்குனிப்பாண்டியனாக இளவரசு. இப்படத்தில் பேதைமை அரசனுக்கு உரியது. அமைச்சனோ பேதையல்லன், பேதையான அரசன்முன் பேதையாக இருப்பதே பிழைக்கும் வழி என்று கண்டுகொண்டவன். இவ்வேறுபாட்டை இளவரசு சொல்லால் காட்டுவதில்லை. அதற்கு அவருக்கு வசனமும் மிகுதியாக இல்லை. அரசன் பேசும்பொழுது அவர் அரசனையே பார்க்கிறார். சிரிப்பு வருமிடத்தில் முகத்தை நம் பக்கம் திருப்பிச் சிரிப்பைப் பங்கு கேட்பதில்லை. வடிவேலுவின் உடல்மொழி பரந்து விரிந்தது; திரையின் எல்லைவரை செல்வது. அதன் அருகே இன்னொரு விரிந்த உடல்மொழி நின்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். இளவரசு உறைந்து நிற்கிறார். அவ்வுறைவின்மேல் வடிவேலுவின் அசைவு எழுந்து தெரிகிறது.

இப்படத்திற்குப் பின் 'மங்குனி அமைச்சர்' என்பது தமிழரின் அரசியல் கேலிப்பேச்சில் வழங்கும் தொடராகிவிட்டது. பதவியில் இருந்தும் பயனற்றவரைக் குறிக்க இன்றும் அச்சொல் வழங்குகிறது. பாத்திரத்தின் பெயர் மொழியில் நிலைத்தது. நடித்தவரின் பெயர் அவ்வாறு நிலைக்கவில்லை. குணச்சித்திர நடிகர்க்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. இதைவிடப் பெரிய இழப்பும் இல்லை.

இரண்டாவது, எச். வினோத் இயக்கிய 'சதுரங்க வேட்டை' (2014). மண்ணுளிப் பாம்பைப் பெருவிலைக்கு விற்கலாம் என்று ஆசைகாட்டி ஏமாற்றும் காந்தி பாபுவாக நட்டி என்னும் நடராஜ் நடிக்கிறார். ஏமாறும் செட்டியாராக இளவரசு. இங்கு நிகழ்வது மடன். செட்டியார் அறிவில்லாதவர் அல்லர், வணிகம் தெரிந்தவர். கொளுத்தியது ஆசை, அதை அவர் பற்றிக்கொண்டு விட மறுக்கிறார். வேறொரு நடிகர் இப்பாத்திரத்தைப் பேராசை பிடித்த கோமாளியாக ஆக்கியிருக்கக் கூடும். இளவரசு அவரை ஐயம் கொண்டவராகவே தொடங்குகிறார். ஐயம் கொஞ்சங்கொஞ்சமாகக் கணக்காக மாறுவதை அவருடைய கண்களில் காண்கிறோம். ஆதலால்தான் நாம் அவரைப் பார்த்து நகைக்கும்பொழுதே, அவ்விடத்தில் நாமாக இருந்தாலும் ஏமாந்திருப்போமோ என்ற அச்சமும் எழுகிறது. படம் முன்வைக்கும் அறக்கேள்வி அவ்வச்சத்தைச் சார்ந்தே நிற்கிறது. செட்டியார் கோமாளியாகியிருந்தால் படத்தின் அடித்தளமே தளர்ந்திருக்கும்.

இக்காட்சிகளில் இன்னொரு செய்தியும் உண்டு. நட்டியும் ஒளிப்பதிவாளரே. அனுராக் காசியப்பின் 'பிளாக் ஃபிரைடே', இம்தியாஸ் அலியின் 'ஜப் வி மெட்' (2007) முதலிய இந்திப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒளிப்பதிவாளர்களாகவே அமைந்துவிட்டனர். இருவருமே ஒருவர் பேசுகையில் மற்றவர்க்கு இடம்விட்டு நிற்கின்றனர்.

இளிவரல்: மூன்று ஊர்ப்புற மனிதர்கள்

மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் இளிவரலுக்கு நிலைக்களங்கள் என்கிறது மெய்ப்பாட்டியல். தம் நிலை தாழ்ந்ததை எண்ணித் தம்முள் சுருங்கும் உணர்வு அது. அழுகை பிறர் காண வெடிப்பது. இளிவரல் பிறர் காணாமல் மறைக்கப்படுவது. மறைக்கப்படுவதை எவ்வாறு மெய்ப்படுத்துவது என்பதே இதில் நடிகனுக்கு உள்ள சிக்கல்.

சேரனின் 'தவமாய் தவமிருந்து' (2005) படத்தில், சிற்றூர் அச்சகம் நடத்திப் பிள்ளைகளை வளர்க்கும் தந்தையாக ராஜ்கிரண் நடித்தார். அவருடன் அச்சகத்தில் உழைக்கும் துணைவராக இளவரசு. தந்தையின் துயர் படத்தின் மையம். துணைவரின் துயரைப் படம் தனியே சொல்வதில்லை. ஆயினும் முதலாளிக்கே பணமில்லாத வீட்டில் தொழிலாளியின் நிலை என்னவாக இருக்கும் என்பதை நாம் உணர்கிறோம். கதை சொல்லாததை ஒரு மனிதரின் இருப்பு சொல்லிவிடுகிறது.

சற்குணம் இயக்கிய 'களவாணி' (2010) காவிரிக் கழிமுகத்துச் சிற்றூரில் நிகழ்வது. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையாக இளவரசு. சோதிடரின் சொல்லை நம்பி, நல்ல மாதம் பிறந்தால் மகன் தேறிவிடுவான் என்று காத்திருக்கும் தாயாகச் சரண்யா பொன்வண்ணன். பொறுப்பற்றுத் திரியும் மகனாக விமல். இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் மகனின் குறும்பையும் தாயின் வெகுளித்தனத்தையும் பேசுவர். தந்தையின் நிலை பேசப்படுவதில்லை. தான் அனுப்பிய பணத்தில் தான் இல்லாமலே வளர்ந்துவிட்ட வீட்டிற்குத் திரும்பி வரும் மனிதர் அவர். அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் அவ்வீட்டின் அன்றாடத்தில் இடமில்லை. அவருடைய வெகுளிக்கு அடியில் இளிவரல் இருப்பதை இளவரசுவின் நடிப்பில் காண்கிறோம். உரக்கப் பேசத் தொடங்கும் குரல், மனைவியின் மறுமொழிக்குப் பின் இறங்கிப் போகிறது. கடல் கடந்து உழைப்பதும் ஊர் திரும்புவதும் குடும்பக் கதைகளாகவே வழங்கிவரும் நம் நாட்டுத் தமிழர்க்கு இத்தந்தை அயலவர் அல்லர். நகைச்சுவைப் படம் என்று ஒதுக்கிவிடாமல் இப்பாத்திரத்தை நம் மாணவர்கள் மீண்டும் பார்ப்பது நன்று.

இராசு மதுரவன் இயக்கிய 'முத்துக்கு முத்தாக' (2011) படத்தில் இளவரசு மையப் பாத்திரமாகவே வருகிறார். ஐந்து மகன்களைப் பெற்று, முதுமையில் அவர்களிடம் தமக்குரிய இடம் எதுவெனத் தேடும் தந்தை. மனைவியாக இங்கும் சரண்யா. மகன்களுள் ஒருவராக நட்டி. படம் மிகையுணர்ச்சியை நம்பி எடுக்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இசையும் வசனமும் நம்மை அழவைக்கப் பெருமுயற்சி செய்கின்றன. அம்முயற்சிக்கு இளவரசு முழுவதும் உடன்படவில்லை என்பதே நாம் காணும் சிறப்பு. காட்சி அழுகையைக் கேட்குமிடத்தில் அவர் பல நேரம் இளிவரலையே தருகிறார். அழாத தந்தையைப் பார்க்கும்பொழுது நமக்குத் தொண்டை அடைக்கிறது. அழும் இடங்களிலோ நாம் சற்று விலகிவிடுகிறோம். மையப் பாத்திரம் கிடைத்த பின்னரும் தூணாகவே நிற்க விழைந்தவர் அவர் எனலாம். அது அப்படத்திற்கு வலிமை. அவருக்கு ஒருவேளை வரம்பும்கூட.

பிற ஒளிப்பதிவாளர்கள்: ஓர் ஒப்பீடு

கருவியின் பின்னிருந்து முன்னே வந்தவர் இளவரசு ஒருவரே அல்லர். தங்கர் பச்சான் 'காதல் கோட்டை' (1996), 'பாரதி' (2000) ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர். தாம் இயக்கிய 'சிதம்பரத்தில் ஒரு அப்பாசாமி' (2005) படத்தில் தாமே தலைமை வேடம் ஏற்றார். பாலு மகேந்திரா, 'வீடு' (1988) படத்தில் முதியவர் சொக்கலிங்க பாகவதரின் முகத்தை நம் நினைவில் அழியாமல் பதியவைத்தவர். அவரே 'தலைமுறைகள்' (2013) படத்தில் பேரனோடு உறவாடும் தாத்தாவாகத் தோன்றி, மறு ஆண்டு மறைந்தார். முதுமையை ஒளியால் எழுதியவர் இறுதியில் தம் முதுமையையே எழுதிக் காட்டிச் சென்றார். ஆனால் இவ்விருவரும் தம் படங்களில் தாமே நடித்தவர்கள். காட்சியின் முழு ஆட்சியும் அவர்களிடம் இருந்தது. நட்டியோ பல படங்களில் கதைத்தலைவராக முயன்று, பின்னர்க் 'கர்ணன்' (2021), 'மகாராஜா' (2024) முதலியவற்றில் காவல்துறையினராக வலுவான குணச்சித்திர வேடங்களை அடைந்தார்.

இளவரசுவின் நிலை வேறு. பிறருடைய படத்தில், பிறர் அமைத்த ஒளியில், பிறருடைய கதைக்குத் துணையாக நிற்பதே அவர் தேர்ந்த இடம். வெற்றிமாறனின் 'விடுதலை' படத்தின் இரு பாகங்கள் (2023, 2024) இதற்கு நல்ல சான்று. அதில் தலைமைச் செயலாளராக வருபவர் ராஜீவ் மேனன். 'பம்பாய்' (1995), 'குரு' (2007) ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர். அமைச்சராக வருபவர் இளவரசு. போராளித் தலைவரை என்ன செய்வது என்று அதிகார வர்க்கம் கூடி ஆராயும் அறைக்குள் இரு ஒளிப்பதிவாளர்கள் அமர்ந்திருக்கின்றனர். மேனனின் அதிகாரி ஒழுங்குபடுத்திய சொற்களால் பேசுபவர். இளவரசுவின் அமைச்சர் அரசியலின் மோப்பத்தால் பேசுபவர். கல்வியின் அதிகாரமும் வாக்கின் அதிகாரமும் ஒரே மேசையில் எதிர்ப்படும் அக்காட்சிகளில் எவரும் குரலை உயர்த்தி மற்றவரை மறைப்பதில்லை. மங்குனிப்பாண்டியனையும் இவ்வமைச்சரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பதினேழு பதினெட்டு ஆண்டுகளில் ஒரே நடிகரின் உறைவு நகையிலிருந்து அச்சத்திற்கு நகர்ந்திருப்பதைக் காணலாம். அன்று அசையாத முகம் பயனின்மையைக் காட்டியது. இன்று அசையாத முகம் பிறர் உயிரைப் பற்றிய கணக்கைக் காட்டுகிறது.

ஒரு மறுப்பும் ஓர் இழப்பும்

நம் கருத்துக்கு எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. அடங்கிய நடிப்பு ஒளிப்பதிவாளர்க்கு மட்டும் உரியதா? மேடையிலிருந்து வந்த டெல்லி கணேஷ் அடங்கிய நடிப்பில் தேர்ந்தவர் அல்லரா? கருவியின் முன்பின் தெரியாமலே இயல்பாக நடிப்போர் எத்தனையோ பேர் இல்லையா? இம்மறுப்பு நியாயமானதே. ஒளிப்பதிவுப் பயிற்சி நல்ல நடிகரை உருவாக்கிவிடும் என்பது நம் கூற்று அன்று. அவ்வாறாயின் ஒளிப்பதிவாளர் அனைவரும் நடிகராகியிருப்பர். நாம் சொல்வது வேறு. அடக்கத்திலும் வகைகள் உள. மேடை வழி வந்தவரின் அடக்கம், பெரிதாகச் செய்யத் தெரிந்தவர் சிறிதாகச் செய்வது. கருவியின் வழி வந்தவரின் அடக்கம், சட்டகத்தில் தம் பங்கு எவ்வளவு என்று அறிந்து நிற்பது. முன்னது குரலிலும் முகத்திலும் தெரியும். பின்னது நிற்கும் இடத்திலும் பார்க்கும் திசையிலும் தெரியும். பின்னதைக் காண வேண்டுமாயின் நாம் நடிகரை மட்டும் பார்த்தால் போதாது. அவருடன் நிற்பவரையும் பார்க்க வேண்டும். இளவரசுவின் அருகில் நிற்பவர் தெளிவாகத் தெரிகிறார் என்பதே இளவரசுவின் நடிப்பிற்குச் சான்று.

இனி இழப்பு. தமிழ்த் திரைப்படம் ஒரு குணச்சித்திர நடிகரைப் பெற்றது என்று மகிழும் நாம், அதே வேளையில் ஓர் ஒளிப்பதிவாளர் ஒதுங்கிப்போனார் என்பதைக் குறித்ததே இல்லை. 'பாஞ்சாலங்குறிச்சி'யின் ஒளிப்பதிவைப் பற்றி விரிவான திறனாய்வுக் கட்டுரை ஒன்றேனும் நாம் கண்டதில்லை. கண்ணனிடம் கற்ற ஒளிமுறையின் அடுத்த படி அவரிடம் எவ்வாறு அமைந்திருக்கும் என்பது விடையில்லாக் கேள்வியாக நின்றுவிட்டது. நடிகராகவும் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வேடங்கள்: ஊர்ப்புறத் தந்தை, காவலர், உள்ளூர்ப் பெரியவர். ஒரு நடிகர் எதையும் கெடுக்கமாட்டார் என்ற நம்பிக்கை, அவருக்குப் புதிதாக எதையும் தராமைக்குக் காரணமாகிவிடுகிறது. தூண் உறுதியானது என்று தெரிந்ததும் அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் நம் துறைகளுக்கும் பங்கு உண்டு. திரைப்படத்தைப் பாடமாக வைக்கும்பொழுது கதையையும் வசனத்தையும் பாடல் வரிகளையும் வைக்கிறோம். இலக்கியம் பயின்றவர்க்கு அவை எளிதில் கைவருபவை. ஒளியையும் நிற்கும் இடத்தையும் கேட்கும் முகத்தையும் படிக்க நாம் கற்றுத்தருவதில்லை. அதற்குரிய கலைச்சொற்கள் தமிழில் இல்லை என்பது சாக்கு. அரங்கேற்று காதையும் மெய்ப்பாட்டியலும் நம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. அவற்றைத் தேர்வுக்குரிய பழம்பகுதிகளாக மட்டும் கருதாமல், இன்றைய திரையைப் பார்க்கும் கண்களாகக் கொள்வதே செய்ய வேண்டுவது.

முடிவுரை

இளவரசுவின் நடிப்பு, மேடையிலிருந்து திரைக்கு வந்த பெருவழியினின்று வேறுபட்ட மற்றொரு வழியைச் சேர்ந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முயன்றது. நகையில் பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேற்றுமையை அவர் முகத்தில் காணலாம். துயரில் அழுகையை விடுத்து இளிவரலைத் தேர்வதைக் காணலாம். அதிகாரத்தில் அசையாமையின் அச்சத்தைக் காணலாம். இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது, பிறர்மேல் தம் நிழல் விழாமல் நிற்கும் ஒழுக்கம். அதனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லாததால் அதனைத் திறமை என்று கொள்ளாமல் வெறும் பொருத்தம் என்று சொல்லிவந்தோம்.

மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். 'சதுரங்க வேட்டை'யின் செட்டியார் காட்சிகளை ஒலியை அடக்கிவிட்டு ஒருமுறை பார்க்கட்டும். பேசுபவரை விடுத்துக் கேட்பவரையே பார்க்கட்டும். ஒரு மனிதர் எந்தக் கணத்தில் ஏமாறத் தொடங்குகிறார் என்பதைக் குறித்துவரட்டும். அக்கணத்தைப் பற்றி வகுப்பில் எழும் கருத்து வேறுபாடே, குணச்சித்திர நடிப்பைப் பற்றிய நம் முதல் பாடமாக அமையும்.